முனீஸ்வரரைச் சுற்றிய டம்பர்

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம். மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வீடு கட்டுவதற்காக நிலத்தை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் ஏற்றும் பெரிய டம்பர் லாரியின் முன்பக்க இடது டயர் திரும்பவும் தேய்ந்துவிட்டதாக, லுக்குட்டில் இருக்கும் எங்கள் டயர் பட்டறைக்குப் போன் வந்தது. பட்டறையை நானும் என் கணவரும் நடத்துகிறோம். வெளிவேலைக்குப் போவது நான். திட்டு வாங்குவதும் நான்தான்.

காரணம் தெரியாத தேய்மானத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. போன தடவையே காற்று, அலைன்மெண்ட், பேரிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. புது டயர் மாட்டினேன். அதுவும் இப்போது வெளி ஓரம் மட்டும் மழுங்கி, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது! உள் ஓரமோ புதுசு போலவே இருந்தது. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது வெடித்தால் லாரி கவிழும். டிரைவர் பிழைப்பது கஷ்டம்.

டிரைவர் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஓர் அண்ணன். அவர் ஏறி உட்காரப் போனார். நான் சாவியைப் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஓரிடத்தில் நிற்க முடியாமல் செம்மண்ணில் அங்கும் இங்கும் நடந்தேன். அப்போதுதான் சக்கரத் தடம் கண்ணில் பட்டது. மண்மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும் வழிக்கு நடுவில் சின்னதாக ஒரு முனீஸ்வரர் கோயில். தடங்களெல்லாம் அதை வலமாகவே சுற்றியிருந்தன. நாள் முழுக்க வலப்பக்கமே வளைத்தால், பாரம் முழுக்க இடது டயரின் வெளி ஓரத்தில்தானே விழும்?

"ஏண்ணே, ஒரு நடைகூட எடப்பக்கமா வளைச்சு ஓட்ட மாட்டீங்களா?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதுபோல் பார்த்தார். "சாமிய எடமா சுத்துவாங்களா தங்கச்சி? செத்தாலும் மாட்டேன்லா."

காரணம் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. விஷயத்தை மேலே சொன்னால் கோயிலுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அடுத்த டயரும் இதே கதிதான், ஒருநாள் இந்த மனுஷனின் உயிர் போகும். அதற்குள் சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"ஏன் லாரி நிக்குது? மழை வரப்போவுதுலா!"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாயில் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "இவ்வளவுதானா? நாளைக்கே கோயில எடுத்துடுவோம். வேற எடத்துல கட்டிக்கலாம்."

அண்ணன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் கையை நீட்டினார்.

"டயர மாத்திட்டு சாவியக் குடு தங்கச்சி. பாஸ், காலையில இப்படி, மத்தியானம் அப்படி ஓட்டுறேன். சாமி அங்கயே இருக்கட்டும்."

"டயர் தேயலன்னா எனக்கென்னா," என்று சூப்பர்வைசர் கிளம்பினார்.

புது டயர் மாட்டினேன். மத்தியானம் லாரி முதல் முறையாக இடப்பக்கம் வளைந்தது. கோயிலைக் கடக்கும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. நான்தானே வாயைத் திறந்தேன்!

மனசு கேட்காமல் சில வாரம் கழித்து மறுபடி போனேன். டயரை அளந்து பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒரே சமம். லாரி ஓய்ந்து நின்றது. அண்ணன் வெறுங்காலோடு, அந்தச் சேற்றில் கோயிலை வலமாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"மத்தியானம் தப்பா சுத்துனத நேராக்க வேணாமா?" என்றார், நடையை நிறுத்தாமலே.

இப்போதெல்லாம் ஒரு பக்கம் தேய்ந்த டயர் பட்டறைக்கு வந்தால், அளவுகோலை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவர் எதை விட்டுக்கொடுக்க மாட்டாரோ, அதில் என் கை தெரியாமல் பட்டுவிடக் கூடாதே என்று இன்னமும் பதறுகிறது.