மூன்றாவது படத்தில் மேகம்

இன்னொருவர் விழித்திருந்து பார்த்ததை நான் பார்த்ததாக எழுதி உலகத்துக்கு அனுப்பினேன். அவர் விழித்திருந்த நேரத்தில் நான் பெருந்துறையில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வானில் நிகழும் காமாக்கதிர் வெடிப்பின் பின்னொளி விரைவில் மங்கிவிடும். அன்று அது மங்கும் வேகத்தை அளக்க, சூலூர் பக்கம் எங்கள் கல்லூரி மாடியிலிருந்த தொலைநோக்கியைத் திருப்பியவர் கல்லூரி எலக்ட்ரீஷியன். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். தொலைநோக்கியிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்: "கொஞ்சம் இந்தப்பக்கம் திரும்புங்க." எனக்கும் அதே மரியாதைதான். இரண்டில் எது வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் எடுத்த மூன்று படங்களை வைத்து, ஒளி யாரும் எதிர்பாராத வேகத்தில் மங்கியது என்று என் பெயரில் அறிக்கை அனுப்பினேன். எலக்ட்ரீஷியன் பெயரைப் போடும் வழக்கம் எங்கள் முனைவர்களிடம் இல்லை.

ஓய்வு பெற்றபின் மனம் உறுத்தியது. அவர் பெயரைச் சேர்த்துத் திருத்தம் எழுதி, அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ற பேரு வேண்டாமுங்க சார். மூணாவது படத்துல மேகம் வந்து மறைச்சுப்போட்டுதுங்க. நோட்டுல எழுதி வெச்சனே, பாக்கலீங்களா?"

பார்த்திருந்தேன். எலக்ட்ரீஷியனுக்கு மேகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒளியை வேகமாக மங்கவைத்தது மேகம், அதைக் கண்டவர் அவர், தவறு என்னுடையது என்று புதிதாக எழுதி அனுப்பினேன். என் நேர்மையைப் பாராட்டி ஆறு கடிதங்கள் வந்தன. அவருக்கு ஒன்றும் வரவில்லை. கடிதங்களை அவரிடம் காட்டினேன்.

"இதையும் நீங்களே வாங்கிப்போட்டீங்களாங்க சார்?" என்றார், தொலைநோக்கியிடம் பேசும் அதே மரியாதையோடு.