பல் பிடிக்காத ஜீப்

மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்டார்ட்டர் எதற்கு என்று என் தாய்மாமன் கேட்பார். சித்தேரிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் இடையே ஆட்களையும் சாமை மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிற பழைய டீசல் ஜீப் அவருடையது. மலையில் எங்கே நிறுத்தினாலும் சரிவுதான். பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். உருளும்போது கியரைப் போட்டால் இன்ஜின் உயிர் பெற்றுவிடும். எங்கள் வீடோ அடிவாரத்தில், சப்பாத்திப் பலகை போன்ற சமதரையில் இருந்தது. அங்கே வந்து நின்றால் ஸ்டார்ட்டரை நம்பித்தான் ஆகவேண்டும். அது நம்பத் தகுந்த ஆள் இல்லை. சாவியைத் திருகினால் 'உய்ங்' என்று தான் மட்டும் சுற்றும், இன்ஜினைப் பிடித்துச் சுற்றாது.

அந்த 'உய்ங்' எங்கள் குடும்பத்தில் ஒரு பகையையே உண்டாக்கியிருந்தது. எனக்குக் காது குத்திய அன்று மாமாவின் ஜீப், மலையிறங்கி வந்த பிறகு சமதரையில் ஒரு டீக்கடை முன்னால் படுத்துக்கொண்டது. தள்ள ஆள் பிடித்து அவர் வந்துசேர்வதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா அவசரப்பட்டு, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மடியில் என்னை உட்காரவைத்துக் குத்திவிட்டார். சீர்த்தட்டோடு வந்து இறங்கிய மாமா என் காதைப் பார்த்தார். "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டனுங்க" என்றார். மிதிக்கவே வேண்டாம் என்றார் அப்பா. இருவருமே சொன்ன சொல் தவறாதவர்கள், அதுதான் கஷ்டம்.

எனக்கு எட்டு வயதானபோது, பிரசவத்துக்குத் தருமபுரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். தம்பிப் பாப்பா சாமியிடம் போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். சாமி மேல் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன். அம்மாவால் அப்படிப் போக முடியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருப்பாள், தட்டில் சோறு காய்ந்துபோகும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார், "சாப்புடு" என்று ஒரு வார்த்தை சொல்வார், பிறகு மஞ்சள் காட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

அப்போதுதான் மாமா வர ஆரம்பித்தார். வாரத்தில் இரண்டு நாள், மதிய வேளையில், ஜீப் எங்கள் புளியமரத்தடியில் வந்து நிற்கும். சத்தியம் இருக்கிறதே, வீட்டுப் பக்கம் வரமாட்டார். மலைத்தேனோ சீத்தாப்பழமோ இருக்கிற பையை என்னிடம் கொடுத்து, "அம்மாகிட்ட குடு பாப்பா, நான் கெளம்பறன்" என்பார். சாவியைத் திருகுவார். உய்ங். இன்னொரு தரம், உய்ங். மூன்றாவது தரமும் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆவல! தள்றதுக்கு ஆளு வர்ற வரைக்கும் இங்கதான்!"

கூடப் பிறந்தவனை வாசலில் பட்டினி போட முடியுமா? அம்மா எழுந்து தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வருவாள். நீயும் ஏறி உட்கார்ந்தால்தான் தின்பேன் என்று மாமா அடம்பிடிப்பார். அம்மா ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார, ஒரே தட்டில் இருவரும் சாப்பிடுவார்கள்.

அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் சொக்குகிறது. புளியம்பூ ஒவ்வொன்றாக ஜீப்பின் தார்ப்பாய் மேல் உதிரும். டீசல் வாசனையும் ரசத்தின் வாசனையும் கலந்து வரும். மாமா மலைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார், கரடி மரம் ஏறியது, பஸ்ஸில் ஆடு டிக்கெட் எடுத்தது என்று பாதிக்கு மேல் புளுகு. அம்மா பேசமாட்டாள், ஆனால் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வரும். நான் முன்சீட்டில் படுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிற்கிற வண்டியிலேயே எங்கெங்கோ போய்க்கொண்டிருப்பேன். வெயில் சாயும்போது காட்டு வேலை முடித்து வருகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். அப்பாவும் அவர்களோடுதான் வருவார். வானத்தைப் பார்த்தபடி நேராக வீட்டுக்குள் போய்விடுவார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இதே 'உய்ங்' வந்தபோது மாமா கியரைப் போட்டு, இறங்கி, தோளால் வண்டியை ஒரு சாண் அசைத்துவிட்டுத் திரும்ப ஏறித் திருகியதை நான் பார்த்திருந்தேன். உடனே கிளம்பியது. ஒருநாள் அதை நினைவுபடுத்தினேன். "அந்த மண்ணு வேற, நம்ம மண்ணு வேற பாப்பா" என்று என் வாயில் ஒரு சீத்தாச்சுளையைத் திணித்தார்.

பாவம், மாமாவுக்குத் தெரியவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் பேத்தி நான். ரோட்டோரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் பாய் என் வகுப்புத் தோழியின் அத்தா. மாமா மூன்றாவது 'உய்ங்' முடித்த ஒரு மதியம், ஒரே ஓட்டமாக ஓடி அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவின் முகம் போன போக்கு! "எதுக்குங்க பாய் சிரமம், அது கெடக்குது" என்றார். பாய் விடவில்லை. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுத் திருகச் சொன்னார். வெளிச்சம் அவ்வளவாக மங்கவில்லை. "பேட்டரி நல்லா இருக்குது. மோட்டாரும் சுத்துது. பல்லுதான் போய்ப் புடிக்க மாட்டேங்குது" என்று, சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டார். அதன் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருந்தது. அது முன்னே வந்து இன்ஜினின் பெரிய சக்கரத்தைக் கவ்வவேண்டுமாம். மண்ணும் கிரீஸும் இறுகி அது நகராமல் இருந்தது, பல் முனையும் மழுங்கியிருந்தது.

"இன்ஜின் எப்ப அமத்துனாலும் அதே ரெண்டு எடத்துலதான் வந்து நிக்கும். அங்க மட்டும் பெரிய சக்கரத்துப் பல்லும் தேஞ்சிருக்கும். அதான் வண்டிய அசச்சா ஸ்டார்ட் ஆவும். உங்களுக்குத் தெரியாததாண்ணே?" என்றார் பாய். மாமா புளியமரத்தின் உச்சியைப் பார்த்தார். பாய் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கடையிலிருந்து வேறொரு சின்னச் சக்கரம் கொண்டுவந்து மாட்டினார். திருகியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

நான் கைதட்டினேன். பாய் வேலை முடியட்டும் என்று காத்திருந்த அம்மா அப்போதுதான் தட்டோடு பாதி வாசல் வந்திருந்தாள். வண்டி ஓடுகிற சத்தம் கேட்டு அங்கேயே நின்றாள். மாமா என்னென்னவோ சொல்ல வாயெடுத்து, பாய் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "சரிக்கா, வரன்" என்று கிளம்பிவிட்டார். அம்மா தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் மாமா வந்தார், பையைக் கொடுத்தார், போனார். அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வண்டி சரியாகியும் ஏன் யாருக்கும் சந்தோஷமில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் வாரம் மாமா வந்ததும் ரோட்டோர அடிபம்பில் முகம் கழுவப் போனார். மஞ்சள் காட்டில் இருக்கவேண்டிய அப்பா, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து பூனைபோல வந்தார். பானட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, ஸ்டார்ட்டருக்குப் போகிற மெல்லிய வயர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, சத்தமில்லாமல் மூடி, வந்த வழியே போய்விட்டார். மரத்துக்குப் பின்னால் நின்ற நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இவ்வளவு பகையா!

மாமா சாவியைத் திருகினார். இந்தத் தடவை 'உய்ங்' கூட இல்லை. நான் ஓடிப்போய், "அப்பாதான் மாமா! வயர புடுங்கி உட்டுட்டாரு!" என்றேன். மாமா பானட்டைத் திறந்தார். தொங்குகிற வயரை வெகுநேரம் பார்த்தார். மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் மாட்டவில்லை. பானட்டை மூடினார், கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அக்கா! வண்டி ஸ்டார்ட் ஆவல!"

நான் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் என்னருகில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா பாப்பா கோவம்?"

"மாமா வண்டிய நீங்கதான கெடுத்தீங்க?"

அப்பா இல்லையென்று சொல்லவில்லை. "உங்கம்மா அன்னிக்கு சாப்ட்டாளா?" என்று கேட்டார்.

சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டாள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். செய்த தப்புக்கு ஒரு மன்னிப்புக் கேட்காமல் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.