அப்பா கைநாட்டு வைக்க மறுத்த கடிதம்

வாவிக்கு மேற்கே, வவுணதீவில், ஓர் ஏழைக் கமக்காரருக்கு மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அப்பா. சிறு வயதிலேயே பிறர் வயலில் இறங்கியதால் பள்ளிக்கூட வாசலை அவர் மிதிக்கவில்லை. யுத்த காலத்தில் இரண்டு தடவை இடம்பெயர்ந்து, இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்து, காடு மூடிக் கிடந்த வட்டை நிலத்தை மீண்டும் வயலாக்கினார். அதில் விளைந்ததில்தான் நான் படித்தேன்.

எட்டாம் வகுப்பில் நான் கற்ற பெரிய ஆங்கிலச் சொல் ‘சஃபரிங்’. வகுப்பில் எல்லோருடைய விடுமுறைக் கடிதமும் ஒன்றுதான்: காய்ச்சலால் சஃபரிங், ஆகவே லீவு தருக. அறுவடைக்கு நின்ற ஒரு நாளுக்காக நானும் அப்படியே எழுதி, அப்பாவிடம் பெருவிரலைக் கேட்டேன்.

“என்ன மனே எழுதியிருக்காய்?”

“காய்ச்சலால வேதனைப்படுறன் எண்டு.”

“விடிய ஏழு இடியப்பம் திண்ட காய்ச்சலோ! வெள்ளாமை வெட்டுக்கு நிண்டனான் எண்டு எழுது, கை வைக்கிறன். வேதனை எண்டு சும்மா சொல்லுறதா?”

உள்ளதை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டு லீவு தந்தார்.

சென்ற ஆண்டு அப்பாவின் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் இடையில் நின்று சொன்னேன். ‘சஃபரிங்’ எவ்வளவு என்று அவர் கேட்டார். அதே சொல்.

“ஒண்டும் இல்ல எண்டு சொல்லு,” என்றார் அப்பா. “சொன்னா ஆசுபத்திரி வாட்டில மறிச்சிருவாங்க. விதைப்புக் கிடக்கு.”

நோவு இல்லை என்று சொன்னால் வெறும் குளிசை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் படுக்க முடியாமல், உடுத்திருந்த சாரன் நுனியைக் கடித்தபடி அவர் குந்தியிருந்ததை நான் கண்டிருந்தேன்.

“அப்பா, இல்லாத நேரம் அந்தச் சொல்லை எழுத நீங்க விடல்ல. இரிக்கிற நேரம் இல்ல எண்டு சொல்லச் சொல்லுறீங்களே?”

அப்பா என்னை முறைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நோகுதுதான். சொல்லித் துலை,” என்றார்.

சொன்னேன். ஒன்பது நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். நோவுக்குச் சரியான மருந்து கிடைத்ததும் அப்பா சோறு கேட்டார்; அம்மாவைச் சீண்டினார். விதைப்புக்கும் வந்து சேர்ந்தார். வரம்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அமர்ந்து, “நெல்லு எறியிறியா மனே, கோழிக்குத் தீன் போடுறியா?” என்று என்னைக் கேலி செய்தார். கதிர் முற்றத் தொடங்கிய நாட்களில், ஒரு மத்தியானம், அம்மா கையால் கஞ்சி குடித்தபின் அமைதியாகக் கண்மூடினார்.

வெளிநாட்டிலிருந்து மச்சான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய மரண அறிவித்தலில் ‘நீண்ட சஃபரிங்கின் பின்’ என்றிருந்தது. அன்போடுதான் எழுதியிருந்தார். ஆனால் அதற்கு அப்பா கைநாட்டு வைத்திருக்கமாட்டார். அதை வெட்டிவிட்டு, ‘விதைப்பை முடித்தபின்’ என்று எழுதினேன்.

அப்பாவின் நோவை நோவாகவே கேட்ட வைத்தியருக்கும், தாதிமாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், நாங்கள் துக்கத்தில் இருக்க எங்கள் வெள்ளாமையை வெட்டித் தந்த வட்டை உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அப்பா போன இந்த முப்பத்தோராம் நாளில் உங்கள் இலையில் விழும் சோறு அந்த விதைப்பின் நெல்தான். வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள்.

— மகன்