செவலையின் மணி

இட்டுக்கட்டிச் சொல்வதல்ல இது. பாப்பம்மாள் இன்றும் இருக்கிறாள். கேட்டால் அந்தப் புடவையையே எடுத்துக் காட்டுவாள்.

அவளும் கணவன் வானமாமலையும் ராமநாதபுரத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். வல்லம் வடகாலில், இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனையில் கிடை போட்டிருந்தார்கள். பகலெல்லாம் அவன் மந்தையோடு பென்னலூர்ப் பக்கம் போய்விடுவான். மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து மூடிய இளங்குட்டிகளுக்கு அவள் ஒருத்திதான் காவல். கம்பெனி பஸ்கள் போகும், வரும். பேச ஆள் கிடையாது.

குட்டி போட்ட மறுநாளே செவலை ஆடு லாரியில் அடிபட்டுச் செத்தது. கறிக்குக் கேட்டு வந்தவர்களைப் பாப்பம்மாள் விரட்டிவிட்டாள்.

"பால் கட்டுன மடிய்யா... அறுக்க விட மாட்டேன்."

கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு, தன் பழைய புடவையைப் போர்த்தி, மனையின் மூலையில் புதைத்தாள்.

குட்டி புட்டிப்பாலைத் தொடவில்லை. மற்ற ஆடுகள் அதை முட்டித் தள்ளின.

"பொழைக்காது. விட்டுரு" என்றான் வானமாமலை.

மறுநாள் சாயங்காலம் கூடையைத் தூக்கினாள். குட்டியின் வயிறு புடைத்திருந்தது. வாயோரம் பால் நுரை.

கூடைமேல் வைத்த கல் வைத்தபடியே இருந்தது. மந்தை இன்னும் திரும்பவில்லை.

அடுத்த நாளும் அப்படியே.

பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் கோபால் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டான்.

"இன்னாக்கா, ஒரு ஆட்ட மட்டும் மேய்ச்சலுக்கு அனுப்பாம செல்லமா வச்சிகினு கீற?"

"எந்த ஆடு தம்பி?"

"செவப்பா ஒண்ணு. பொழுது சாயச்சொல்ல கூடையாண்ட வந்து நிக்குதே. மணிகூட அடிக்குது. நீ எதுருலதான குந்திகினு இருந்த!"

மந்தையில் வேறு எந்த ஆட்டுக்கும் மணி கிடையாது. செவலையின் மணி கூடாரக் கம்பில் தொங்குகிறது...

அன்று பொழுது சாய்ந்தது. கூடைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

டிங்...

திரும்பிப் பார்த்தாள். கம்பில் மணி அசையவில்லை.

டிங்... டிங்...

கிட்டத்தில்.

கூடைக்குள் குட்டி வாலை ஆட்டியது.

பாப்பம்மாள் ஓடவில்லை. கல்லை எடுத்தாள். கூடையைத் தூக்கினாள்.

"குடுத்துட்டுப் போ, தாயி."

குட்டி பிழைத்தது. அது புல் கடித்த நாளோடு மணிச் சத்தமும் நின்றது.

அடுத்த வருடம் அவர்கள் வந்தபோது, அந்த மனையில் ஜேசிபி அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தது. மூலையில் செவலையின் எலும்புகளோடு புடவையும் மேலே வந்தது. மக்கிப் போயிருக்க வேண்டிய துணி.

பாப்பம்மாள் தொட்டாள்.

ஈரம்.

வெதுவெதுப்பு.

முகர்ந்தாள்...

பால்.