மணியைத் தொட்ட சமையற்காரி

ஆட்டுரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் மணி வைத்ததுதான் சட்டம். மணி அடித்தால் ஆட்டைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அடிக்கும்வரை இடுப்பு ஒடிந்தாலும் கையை நிறுத்தக் கூடாது. மணியைத் தொடும் உரிமை ஒப்பந்தக்காரர் மெர்வுக்கு மட்டும். ஹே என்னும் வறண்ட சமவெளியில் பத்தொன்பது வருடமாகக் கொட்டகைக்குக் கொட்டகை போய்ச் சமைத்துப்போடும் கிளெனிஸுக்கு இது தெரியாததல்ல.

அவள் தம்பி கோரி அங்கே கத்தரிக்கும் ஆறு பேரில் ஒருவன். தாய் போனபின் அவனை ஆளாக்கியவள் அவள்தான். முந்தின வருடம் அவன் கண்ணாடிச் சில்லு போன்ற போதைப்பொருளைப் புகைக்கத் தொடங்கியிருந்தான். புகைத்தால் அலுப்புத் தெரியாது, ஆடு கூடுதலாகக் கத்தரிக்கலாம். அக்காள் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் மர்லீன் ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். கோரிக்கு ஞாபகம் வந்தது இரண்டு. அந்தச் சரக்கு மூளையை அரிக்கும், உடம்பும் சூடேறிவிட்டால் சேதம் இன்னும் அதிகம், அப்படி ஏதும் ஆனால் முதலில் உடம்பைக் குளிரவை என்று கிளெனிஸிடம் சொல்லி அனுப்பினாள். விட்டுவிட்டேன் என்று கோரி சத்தியம் செய்தான்.

அந்த ஊர்க் கோடையான பிப்ரவரியில் ஒருநாள், வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. காலைத் தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த கிளெனிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். கோரி பாதி கத்தரித்த ஆட்டை, வேலை முடிந்த ஆடுகள் வெளியேறும் சறுக்குவழியில் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போனான். ஆட்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். அரைச்சட்டை போட்ட ஆடு என்று ஒருவன் பெயரும் வைத்தான். அவள் கண்ணில் பட்டது தம்பியின் முகம்: சுட்ட செங்கல் நிறம், தாடை சும்மா அரைபட்டுக்கொண்டிருந்தது. மறுபடி புகைத்திருக்கிறான்.

எட்டி மணியை அடித்தாள்.

ஆறு கத்தரிப்பு இயந்திரங்களும் ஓய்ந்தன. "எவன்டா மணியத் தொட்டது?" என்று வந்தார் மெர்வ்.

"நான்தான், மெர்வ். திட்டறத அப்பறம் திட்டு. மொதல்ல இவனத் தூக்கு, உடம்பு கொதிக்குது."

தூக்கியது மெர்வ்தான். நிழலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கிடத்தித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பீருக்கு வைத்திருந்த பனிக்கட்டி முழுவதும் அவன் கழுத்துக்கும் அக்குளுக்கும் போயிற்று. விமானத்தில் வரவேண்டிய டாக்டர், தான் வந்து சேரும்வரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உயிர் தங்கியது. தலைக்குள் எவ்வளவு தங்கியது என்பதுதான் கேள்வி. மூளையைத் தேற்றத் தனி மருந்து ஏதும் இல்லை, தொடாமல் இரு, தூங்கு, சாப்பிடு என்றார்கள் ஆஸ்பத்திரியில். கோரி அக்காளின் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தான். முதல் மாதம் ஒரே குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டான். யாரும் சிரிக்கவில்லை, மெர்வ் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

செப்டம்பரில் மர்லீன் புதிதாக ஐந்து சொற்கள் சொன்னாள். அந்தப் பத்து நிமிடத்தில் கிளெனிஸ் கைப்பை வாரின் தையலைப் பாதி பிரித்துவிட்டாள்.

"வாளி, எலுமிச்ச, ரயிலு, பச்ச..." கோரி நிறுத்தினான். கூரையைப் பார்த்தான். "தோள்பட்ட."

மர்லீன் தலையசைத்தாள். கோரி அக்காள் பக்கம் திரும்பினான்.

"போன திங்கக்கெழம நீ கறியக் கருக்கினியே, அதுவும் ஞாபகம் இருக்கு."

"இருக்கும்டா, இருக்கும்," என்றாள் கிளெனிஸ். அவள் சமையலை ஒருவன் குறை சொல்லி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.