லாரன்ஸின் எஞ்சினுக்கு எது முன்பக்கம்

லாரன்ஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். மூன்று விதமாக எழுதிப் பார்த்து, இரண்டை அடித்துவிட்டு, மூன்றாவதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கைபேசியில் அவர் மனைவி ஸ்டெல்லா.

"சார், அவரு போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டுதான் வந்தாரு."

நான் "அப்படியா" என்றேன். அந்த "அப்படியா"வை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இதைப் படிப்பவர்களில் பலர் அவருடன் ரயில்வேயில் இருந்தவர்கள். அவர் சரக்கு வண்டி ஓட்டிய காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு அச்சு வரையும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த லாரன்ஸ், ஓய்வுக்குப் பிந்தைய லாரன்ஸ். அவருடைய கடைசி ஒன்றரை வருடம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து பிரிவு உபசார நாளில் அவருக்குக் கொடுத்த அந்தச் சாண் நீள டீசல் எஞ்சினோடுதான் போயிற்று. அதைப் பொம்மை என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை.

நல்ல எஞ்சின்தான். தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் ஓடும். ஆனால் சத்தம் கிடையாது. விளக்கு என்று ஒன்று அகல் போல மினுங்கும். "ஊமை எஞ்சின் சார் இது. ஊமை எஞ்சின எவன் ஓட்டுவான்?" என்றார். அதற்குள் டீகோடர் என்ற ஒன்றை வைக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மின்சுற்றுப் பலகை. கையிலுள்ள கருவியில் பொத்தானை அழுத்தினால் தண்டவாளம் வழியாக ஆணை அதற்குப் போகும். அது மோட்டாரை ஓட்டும், விளக்கைப் போடும், ஹாரன் அடிக்கும். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் வாங்கி அனுப்பினாள்.

முதல் டீகோடர் அரை நிமிடம் வாழ்ந்தது. மோட்டாரின் ஒரு முனை எஞ்சினின் உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் டீகோடர் கருகிவிடும் என்று கூட வந்த தாளில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அவர் தாளைப் படிக்கவில்லை. புகை வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் ஸ்கேல் சார். "ஸ்கேல் சார், நீங்க படிங்க. நான் பண்றேன்." அதுதான் எங்கள் ஒப்பந்தம். நான் படித்து முடிப்பதற்குள் இரண்டாவதும் புகைந்தது. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒருவருக்கான அஞ்சலியாகிவிடும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பெண்ணாடம் போகும் வழியில் ஒரு லெவல் கிராசிங்கில் நானாகத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது டீகோடரை எஞ்சினில் வைப்பதற்கு முன் மேசைமேல் வைத்து ஹாரனை மட்டும் கேட்டிருந்தோம். ஏதோ ஒரு வெளிநாட்டு ஹாரன். "இது நம்ம ஊரு கேட்டுல அடிச்சா மாடுகூடத் திரும்பிப் பாக்காது" என்றார். தன் ஹாரன்தான் வேண்டும், அதைப் பதிவு செய்து மகளுக்கு அனுப்பினால் அடுத்த டீகோடரில் ஏற்றித் தருவார்கள் என்றார். மூன்று நாள் போனோம். இப்போது எல்லாம் மின்சார எஞ்சின். கரும்பு டிராக்டர்கள் கேட்டில் வரிசையாக நிற்க, புளியமரத்தடியில் கைபேசியை நீட்டிக்கொண்டு நாங்கள் நின்றோம். மூன்றாம் நாள் மத்தியானம்தான் டீசல் எஞ்சின் பூட்டிய சரக்கு வண்டி ஒன்று வந்தது. நீளமாக ஒரு ஹாரன். எனக்கு நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

வண்டி போனதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். "எப்படி சார் இருந்துச்சு?"

"நீங்களும்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். கம்பளிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேட்டேன்." இடது காது போய் நாலு வருடம் ஆகிறதாம். வலதும் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அதுக்குள்ள ஒரு தடவை என் வண்டிய நான் கேட்டுடணும். அவ்வளவுதான். நீங்க ஸ்டெல்லாகிட்ட ஒளறாதீங்க."

நான் யாரிடமும் உளறவில்லை. யாரிடமும் எதையும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு எளிதாக வருவது.

என் பங்குக்கு நான் செய்தது ஒரு பெட்டி. ஒலிபெருக்கி நகம் அளவுதான். அதற்குப் பின்னால் காற்றுப் போகாத ஒரு சின்னப் பெட்டி இருந்தால்தான் சத்தம் எடுபடும். பிளாஸ்டிக்கில் செய்வார்கள். எனக்குத் தெரிந்தது பீங்கான். பேட்டையில் இன்னும் வேலையில் இருக்கும் என் பழைய சகாவிடம் அளவு கொடுத்தேன். களிமண் சூளையில் சுட்டால் சுருங்கும் என்பதால் அதற்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் கொடுத்தேன். அவரும் அனுபவசாலி. தன் பங்குக்கு எட்டில் ஒரு பங்கு கூட்டி அச்சு போட்டார். வெந்து வந்த பெட்டி எஞ்சினுக்குள் நுழையவே இல்லை.

லாரன்ஸ் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "நீங்க சொல்லலை. அவரு கேக்கலை. ரெண்டு பேரும் புத்திசாலி, பெட்டிதான் முட்டாள்."

அளவு திருத்திச் சுட்ட இரண்டாவது பெட்டிதான் உள்ளே உட்கார்ந்தது. முதல் பெட்டியைப் பார்த்த பிறகுதான் அவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். எஞ்சினில் ஓட்டுநர் சிக்னலைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதவி ஓட்டுநரும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். "ஒருத்தன் கண்ணு தூங்கினாலும் இன்னொருத்தன் கண்ணு முழிச்சிருக்கும் சார்." மூன்றாவது டீகோடர் வந்ததும் ஒவ்வொரு ஒயருக்கும் அதைச் செய்ய வைத்தார். "சிவப்பு, வலது தண்டவாளம்!" என்று கத்துவார். நான் "சிவப்பு, வலது தண்டவாளம்" என்பேன். "சத்தமா!" என்பார். காது கேட்காதவர் என்பதால் மட்டும் அல்ல. என் குரலே அப்படித்தான்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்.

அந்த வகை எஞ்சினில் ஓட்டுநர் அறை ஓர் ஓரமாக இருக்கும். அறைக்கு ஒரு பக்கம் நீளமான மூக்கு, மறுபக்கம் குட்டையான மூக்கு. மாதிரி எஞ்சினோடு வந்த தாளில் குட்டை மூக்குதான் முன்பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. மோட்டாரின் ஒயர்களை அதன்படி நான் முதல் நாளே இணைத்துவிட்டேன். லாரன்ஸ் தொழில் பழகியது நீள மூக்கை முன்னால் விட்டு. அவர் மனதில் அதுதான் முன்பக்கம்.

கடைசி நாள் முற்பகல், விளக்குகள் மட்டும் பாக்கி. வெள்ளை ஒயர் முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு; எஞ்சின் முன்னோக்கிப் போகும்போது வெள்ளை ஒயரின் விளக்கு எரியும், பின்னோக்கிப் போகும்போது மஞ்சளுடையது. அவர் கட்டைவிரலை நீள மூக்கின்மேல் வைத்து, "வெள்ளை, முன்விளக்கு!" என்றார். என் தாளில் அந்தப் பக்கம் பின்பக்கம். நான் வாயைத் திறந்தேன். அவர் ஒயரை ஈயம் வைத்து ஒட்டும் சூடான பற்றவைப்புக் கோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பது வருடம் எஞ்சின் ஓட்டியவரிடம் எஞ்சினுக்கு எது முன்பக்கம் என்று நான் எப்படிச் சொல்வது? ஒருவேளை நான்தான் தாளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேனோ?

"வெள்ளை, முன்விளக்கு" என்றேன்.

பிறகு மீட்டர் வைத்து நாலு தடவை சோதித்தேன். மீட்டர் ஒவ்வொரு தடவையும் பீப் என்றது. ஒயர் அவர் சொன்ன விளக்குக்குச் சரியாகத்தான் போயிருந்தது. மீட்டருக்கு எது முன்பக்கம் என்று தெரியாது.

"போட்டுடலாமா சார்?" என்றார்.

"நாளைக்கு இன்னொரு தடவை பாத்துட்டு…"

"நாலு தடவை பாத்தாச்சே. இன்னும் எத்தினி தடவை?"

"இல்ல, எதுக்கும்… நாளைக்கு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "உங்கள கார்டா போட்டிருந்தா வண்டி ஜங்ஷனை விட்டே கெளம்பியிருக்காது. சரி, போயிட்டு வாங்க. ரெண்டு பழசும் நான் அவசரப்பட்டுத்தான் எரிஞ்சிது. இந்த ஒண்ணு உங்க இஷ்டம்."

இரண்டு எரிந்தபோது கேட்காத மனிதர், அன்றைக்குப் பார்த்து என் பேச்சைக் கேட்டார். அவர் வழக்கம்போல் என்னைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஏன் அழுத்தவில்லை என்று அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நாளை என்று நான் சொன்னது சோதிப்பதற்காக அல்ல. அவர் முகத்துக்கு நேராக ஒரு வாக்கியம் சொல்லத் துணிச்சல் இல்லாமல், அதை எழுதித் தயார் செய்ய ஓர் இரவு கேட்டேன். அவ்வளவுதான். வாக்கியம் இது: "நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் தாளின்படி இது பின்பக்கம்."

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஸ்டெல்லா என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டார். தண்டவாளம் போட்ட மேசை அப்படியே இருந்தது. என் தாள்கூட, கோப்பையின் அடியில், நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே.

"மாசக்கணக்கா கலர் கலரா கத்திக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும். என்னாதான் பண்ணீங்கன்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன். ஓட்டுங்க சார்."

அஞ்சாவது முறை மீட்டரைத் தேடினேன். "அதெல்லாம் போதும் சார்" என்றார். பொத்தானை அழுத்தினேன். புகை வரவில்லை. எஞ்சின் தரையைச் சுரண்டுவதுபோல் உறுமி எழுந்தது. அந்தப் பீங்கான் பெட்டிக்குள்ளிருந்து அந்த அறைக்குப் போதுமான சத்தம் வந்தது. ஹாரன் பொத்தானை அழுத்தினேன். பெண்ணாடம் வழி கேட்டில் நாங்கள் மூன்று நாள் காத்திருந்து பிடித்த ஹாரன், நீளமாக, குறையில்லாமல். அவர் கேட்டிருப்பார். கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தாலும் கேட்டிருப்பார். அன்றைக்கே ஓட்டியிருந்தால் எதுவும் எரிந்திருக்காது; தப்பான பக்கம் ஒரு விளக்கு எரிந்திருக்கும், அவ்வளவுதான். இத்தனைக்கும் விளக்கு பக்கம் மாறியிருக்கிறது என்பதுகூட எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பழக்கத்தில், தாளைப் பார்த்தபடியே எஞ்சினை முன்னோக்கி நகர்த்திவிட்டுச் சொன்னேன்:

"முன்விளக்கு, எரியுது."

பதில் சொல்ல ஆளில்லை என்று நினைத்தேன். மேசையின் அந்தப் பக்கம் குனிந்து நின்ற ஸ்டெல்லா நிமிராமல் சொன்னார்: "இல்லீங்க சார். முன்னாடி இருட்டா இருக்குது. பின்னாடிதான் எரியுது."

இரவெல்லாம் எழுதி அடித்து என்னால் சொல்ல முடியாததை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னேன். காது விஷயத்தையும் சேர்த்து.

"காது எனக்குத் தெரியாதா? டிவிய வெச்சா தெருவே கேக்கும்" என்றார். எஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு, "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பாருங்கறீங்க? கத்தியிருப்பாரு. கத்திட்டு மாத்தியிருப்பாரு. மாத்திட்டு ஓட்டியிருப்பாரு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எஞ்சின் அவர் வீட்டில்தான் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அது. லாரன்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் போட்ட விதி. அதை நான் பாதிதான் கற்றிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அவர் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் சிக்னலைப் பார்க்கவில்லை.

விளக்கு ஒயர்களை மாற்றிப் பற்றவைக்க அன்று மாலையே உட்கார்ந்தோம். ஸ்டெல்லா எஞ்சினை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, குட்டை மூக்கின்மேல் விரலை வைத்து, அவரைப் போலவே சத்தமாகச் சொன்னார்: "வெள்ளை, முன்விளக்கு!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் சொன்னேன்.