மூக்குத்தி போட்ட பையன்

1958 என்று நினைவு. கோயமுத்தூருக்கு வெளியே, மில் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. எனக்கு முதல் இரண்டும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டன. மூன்றாவதாகப் பையன். பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, மூக்குக் குத்திவிடுவார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். நானும் செய்தேன். சின்னதாக ஒரு வளையம். பத்து வயது முடிந்ததும் சென்னிமலைக்குக் கூட்டிவந்து கழற்றி உண்டியலில் போடுகிறேன் என்று முருகனுக்கு வேண்டுதல்.

பையன் பிழைத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கேதான் சனியன் பிடித்தது.

பெண் பிள்ளைகளைச் செல்லமாக அம்மணி என்போம். மூக்குத்தியைப் பார்த்துவிட்டு மற்றப் பையன்கள் இவனை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். “ஏனுங் அம்மணி, ஊட்டுல கோலம் போட்டுப்போட்டு வந்தீங்களா?” “தலைக்குப் பூ வெக்கலீங்களா?” ஒண்ணுக்குப் போனால் பின்னாலேயே போய், “இந்தப் பக்கம் வரப்படாதுங் அம்மணி” என்று விரட்டுவார்கள். அதற்குப் பயந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டான். இது எனக்குத் தெரியவே பல நாள் ஆனது. தூக்கத்தில் பாயை நனைத்தான். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

யாரிடம் சொன்னாலும் பதில் தயாராக இருந்தது. “ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் ஒரு பேச்சா? திருப்பி நாலு வெக்கச் சொல்லு” என்றார் வீட்டுக்காரர். திருப்பி வைத்தான். அன்றைக்குப் பிரம்படி வாங்கியது இவன் ஒருத்தன்தான். வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். “பசங்க விளையாட்டும்மா. பேசாம அதைக் கழட்டிப்போடுங்க” என்றார். இரண்டைக் குழியில் போட்டவளுக்குத்தானே அந்தப் பயம் தெரியும்? பையனே அழுதான். “கழட்டிப்போடும்மா.” இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்க கண்ணு என்பேன். வேறு என்ன சொல்ல?

ஒரு மத்தியானம் மூக்கில் ரத்தத்தோடு வந்து நின்றான். மூத்த வகுப்புப் பையன் ஒருத்தன் வளையத்தைப் பிடித்து இழுத்திருக்கிறான். துவாரம் ஓரம் கிழிந்திருந்தது, வளையம் மட்டும் கழன்று வரவில்லை. மஞ்சளை அப்பிவிட்டு, இவனையும் இழுத்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அடுத்த வீதிதான். இரண்டு அறை விடாமல் திரும்புவதில்லை என்றிருந்தேன்.

அவன் வாசலில் நின்றிருந்தான். கையை ஓங்கினேன். கிட்டத்தில் பார்த்தால், அவன் மூக்கிலும் ஒரு கரும்புள்ளி. குத்தித் தூர்ந்த துவாரம்.

“உனக்கும் குத்தியிருந்தாங்களாடா?”

“ஆமாங். போன வருசந்தான் கழட்டுனாங்க.”

“உன்னைய என்னன்னு கூப்பிட்டாங்க?”

தரையைப் பார்த்துக்கொண்டு, “அம்மணின்னுதானுங்” என்றான்.

அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “இவனையும் இப்படித்தானுங்க்கா பண்ணுனாங்க. இவன் பொறுத்துக்கலீங்களா?” என்றாள்.

“எங்க பொறுத்துக்கிட்டான்? வாங்குனதையெல்லாம் எம்பையனுக்குக் குடுத்துப்போட்டான்” என்றேன். அடிக்க மனசு வரவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே சென்னிமலைக்குப் போனோம். சொன்ன வயசு வரும் முன்பே கழற்றி உண்டியலில் போட்டேன். படி இறங்கும்போது அவன் கையை நான் விடவேயில்லை. மறுநாள் பையனுக்குக் காய்ச்சல். உலை வைக்கவில்லை, பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்டது. பிள்ளை தங்கினான்.

வெறும் மூக்கோடு பள்ளிக்கூடம் போனான். அப்போதும் அம்மணிதான். கழற்றிப்போடச் சொன்னாரே வாத்தியார், அவரே ஒரு நாள் பேர் கூப்பிடும்போது வாய் தவறி அம்மணி என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அன்றோடு பையை மூலையில் போட்டான். கெஞ்சினோம், அடித்தோம். போகவில்லை.

பிறகு அவனும் மில்லுக்குப் போனான், கல்யாணம் கட்டினான், பேரன் பேத்தியும் எடுத்துவிட்டான். ஆனால் நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கிற இடத்தில் இன்றைக்கும் நிற்க மாட்டான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பான். இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

உயிரோடு விட்டுவை என்று முருகனிடம் கேட்டேன், விட்டுவைத்தான்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.